சும்மா இருக்கறதுக்கும் கரண்ட் செலவாகும்

பி.காம் படிக்கிறவனுக்கு சிலிக்கான் சிப்போடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள உறவு செல்போன் சார்ஜரோடு முடிந்துவிடும். ஆனால் போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் அக்கா என்னை ஒரு கணக்குக்குள் இழுத்துவிட்டாள். என் மூன்று வருடப் படிப்பில் ஒரு பாடம் எனக்கு நிஜமாகப் புரிந்தது அப்போதுதான். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். ஒரே தெரு, கருணாபுரம். அந்தப் பெயரைச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன ஊர். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டம் ஆனபோதுகூட எங்கள் தெருவை யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வாரத்தில் இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கா எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கருணாபுரமா?" என்று கேட்பார்களாம். பிறகு ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்களாம். அந்த ஒரு நிமிஷத்தில் பேசுவதற்கு வேறு ஏதாவது வேண்டும் என்றுதான் அவள் அந்த ப்ராஜெக்டைப் பிடித்தாள்.

ப்ராஜெக்ட் இதுதான். அவளோடு ஈ.சி.ஈ படிக்கும் தோழிக்கு ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். அங்கே மரவள்ளிக் காட்டில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் விடிவதற்குள் பாதிக் கிழங்கு போய்விடும். அதனால் ஒரு பெட்டி. அதில் மைக் இருக்கும். பன்றியின் உறுமலைக் கண்டுபிடித்தால் விளக்கைப் போட்டு ஹாரன் அடிக்கும். காற்றுக்கும் நாய்க்கும் அடிக்காது. மின்சாரத்துக்கு ஒரு 10 வாட் சோலார் தகடும், 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியும்.

சத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் மூளையாக அவள் வைத்தது எஃப்.பி.ஜி.ஏ. கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பலகைதான் சும்மா கிடந்ததாம்.

எஃப்.பி.ஜி.ஏ என்றால்?

அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். சாதாரண சிப், கட்டி முடித்த வீடு. சமையலறை எங்கே, படுக்கை அறை எங்கே என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். எஃப்.பி.ஜி.ஏ என்பது கல்யாண மண்டபம். உள்ளே தடுப்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இன்றைக்கு வளைகாப்பு, நாளைக்கு காதுகுத்து, நாளன்றைக்கு கட்சிக் கூட்டம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன தர்க்கக் கட்டங்களும், அவற்றை இணைக்கும் கம்பி வலையும் தயாராக இருக்கும். எதை எதோடு இணைப்பது என்பதை நினைவக செல்கள் பிடித்து வைத்திருக்கும். அதை மாற்றினால் சிப்பே வேறு சிப்பாகிவிடும்.

1985இல் ஜைலிங்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 என்ற சிப்பில்தான் இது ஆரம்பம். அதன் பின்னால் இருந்தவர் ராஸ் ஃப்ரீமேன். அதில் இருந்தது வெறும் 64 கட்டங்கள். இன்றைக்குப் பெரிய சிப்புகளில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஜைலிங்க்ஸே 2022இல் ஏ.எம்.டியோடு சேர்ந்துவிட்டது.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டியின் சக்தி ப்ராசசரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வடிவங்களை ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்.பி.ஜி.ஏ பலகையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். சிப்பை அச்சடிக்கக் காசு கொடுப்பதற்கு முன் ஒத்திகை பார்க்கிற மேடை இதுதான்.

இரண்டாவது ராத்திரியில் செத்த பெட்டி

பெட்டியை மலையில் வைத்தார்கள். வெயில் இருந்தவரை பிரச்சினை இல்லை. மழை பிடித்து வானம் மூடியதும் இரண்டாவது ராத்திரியே பெட்டி செத்துப்போனது. அன்றைக்குத்தான் பன்றியும் வந்தது. தோழியின் அப்பா ஒன்றும் திட்டவில்லையாம். "படிக்கிற புள்ளைங்க, போவுது வுடு" என்றாராம். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருந்தது. என்னிடம் வந்தாள்.

"டேய் தம்பி, ரிப்போர்ட்ல காஸ்ட் எஸ்டிமேட்னு ஒரு பக்கம் போடணும். நீதான காஸ்டிங் படிக்கிற, எழுதிக் குடுடா."

"அக்கா, நீ பேட்டரி செத்ததுக்குக் கணக்கு பாத்தியா?"

"வேகத்தப் பாதியாக் கொறச்சிருக்கேன். கரண்டும் பாதியாயிடும்."

ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று தேடும்போதுதான் நான் உள்ளே வந்தேன்.

எங்கள் காஸ்டிங் பாடத்தில் முதல் அத்தியாயமே செலவை இரண்டாகப் பிரிப்பதுதான். ஒன்று நிலைச் செலவு. உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடும், கடை வாடகை மாதிரி. இன்னொன்று மாறும் செலவு. எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவு ஆகும், மாவு, எண்ணெய் மாதிரி. அக்காவின் புத்தகத்தைப் புரட்டினால் அதே கதைதான், பெயர் மட்டும் வேறு. ஸ்டேடிக் பவர், டைனமிக் பவர்.

டைனமிக் என்பது வேலை செய்வதற்கான செலவு. சிப்பில் ஒவ்வொரு கம்பியும் ஒரு குட்டிக் குடம். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறும்போது நிரம்ப வேண்டும், திரும்ப மாறும்போது கொட்ட வேண்டும். எத்தனை கம்பி மாறுகிறது, குடம் எவ்வளவு பெரிது, நொடிக்கு எத்தனை தடவை என்பதையெல்லாம் பெருக்கி, அதை வோல்டேஜின் இருமடியால் பெருக்கினால் செலவு வரும். அந்த இருமடியைக் கவனியுங்கள். 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால் குறைவது பத்து சதவீதம் அல்ல, 19 சதவீதம்.

எஃப்.பி.ஜி.ஏவில் இந்தக் குடங்கள் பெரியவை. மண்டபத்தில் எங்கே வேண்டுமானாலும் இணைக்கலாம் என்றால் எல்லா இடத்துக்கும் கம்பி இழுத்திருக்க வேண்டுமே. 2002இல் வர்டெக்ஸ்-2 சிப்புகளை ஆராய்ந்தவர்கள், டைனமிக் செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் இணைப்புக் கம்பிகளிலேயே போகிறது என்று கண்டார்கள். தர்க்கக் கட்டங்களுக்குப் போனது 16 சதவீதம்தான். 2007இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் குவானும் ரோஸும் ஒப்பிட்டபோது, ஒரே வேலைக்கு எஃப்.பி.ஜி.ஏ அந்த வேலைக்கென்றே செய்த சிப்பைவிட சராசரியாக 14 மடங்கு டைனமிக் மின்சாரம் எடுத்தது. வசதிக்கு விலை!

ஸ்டேடிக் என்பது வேலையே செய்யாவிட்டாலும் கசிவது. டிரான்சிஸ்டரை அணைத்தாலும் முழுசாக அடையாது. பழைய குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். டிரான்சிஸ்டர் பெரிதாக இருந்த காலத்தில் அந்தச் சொட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2000களில் 90 நானோமீட்டர், 65 நானோமீட்டர் என்று சிறிதாக்கிக்கொண்டே போனபோது சொட்டு ஓடையானது. எஃப்.பி.ஜி.ஏவுக்கு இதில் கூடுதல் தலைவலி. நீங்கள் மண்டபத்தில் ஒரு மூலையில் இருபது பேருக்கு காதுகுத்து நடத்தினாலும் வாடகை முழு மண்டபத்துக்கும்தான். பயன்படுத்தாத கட்டங்களும் கசியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்களின் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் நினைவக செல்கள் ஒருமுறை எழுதினால் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு வேகம் எதற்கு? வர்டெக்ஸ்-4இல் அந்த மாதிரி இடங்களுக்குத் தடித்த ஆக்சைடு கொண்ட, மெதுவான ஆனால் கசியாத டிரான்சிஸ்டர்களை வைத்தார்கள். வேகம் வேண்டிய இடத்தில் மட்டும் கசிவைப் பொறுத்துக்கொண்டார்கள். இது சிக்கனமே தவிர கஞ்சத்தனம் இல்லை.

வேகத்தைக் குறைத்தால் ஏன் மிச்சமாகவில்லை?

இப்போது அக்காவின் தவறுக்கு வருவோம். வேகத்தைப் பாதியாக்கினால் நொடிக்கு ஆகும் டைனமிக் செலவு பாதியாகும், உண்மை. ஆனால் அதே வேலையை முடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். பாதியை இரண்டால் பெருக்கினால்? பழைய செலவேதான். அதோடு இரண்டு மடங்கு நேரத்துக்கு ஸ்டேடிக் கசிவு வேறு. எங்கள் அம்மா வைத்திருக்கும் பெட்டிக்கடையில் பத்து வடை சுடுவதற்கு நாள் முழுக்கக் கடையைத் திறந்து வைத்த மாதிரி. வடைக்கு ஆகும் எண்ணெய் அதேதான், ஆனால் ஒரு வடைக்கான வாடகை ஏறிவிட்டது.

"அப்ப வேகமா முடிச்சிட்டு மூடிடணும்ங்கிறியா?" என்றாள் அக்கா.

"மூடறதுக்கு முன்னாடி அளந்து பாப்போம்க்கா."

மல்டிமீட்டரை பேட்டரி கம்பியில் தொடராக வைத்து அளந்தோம். பன்றிச் சத்தத்தை அலசும்போது 160 மில்லி ஆம்பியர். சும்மா காத்திருக்கும்போது 130. அதாவது வேலைக்கு 30, சும்மா இருக்க 130! பேட்டரியை முழுக்க வடிக்கக்கூடாது, பாதிதான் எடுக்கலாம் என்று வைத்தால் 3.5 ஆம்பியர் மணி. அதை 0.13ஆல் வகுத்தால் சுமார் 27 மணி நேரம். இரண்டாவது ராத்திரி செத்ததற்கு இதுதான் காரணம். பன்றியே வராவிட்டாலும் செத்திருக்கும்.

"ஸ்டேடிக் 130" என்று நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அக்கா அடித்துவிட்டாள். "சும்மா இருக்கும்போதும் க்ளாக் ஓடிட்டுதான்டா இருக்கு. அது டைனமிக்."

நொடிக்குப் பல லட்சம் தடவை துடிக்கும் க்ளாக் கம்பி, கேட்பார் இல்லாமல் குடத்தை நிரப்பிக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சும்மா இருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு. எங்கள் பாடத்தில் இதற்குப் பகுதி மாறும் செலவு என்று பெயர். பரீட்சையில் இதைத் தவறாகப் பிரித்து நான் நாலு மார்க் இழந்திருக்கிறேன். இங்கேயும் அதே தவறு.

க்ளாக்கை நிறுத்திவிட்டு அளந்தோம். 112. அப்போ சிப்பின் கசிவு 112ஆ? அதுவும் இல்லை. சிப் எவ்வளவு கசியும் என்று மதிப்பிட மென்பொருள் இருக்கிறது. அது சொன்ன கணக்கை 12 வோல்ட் பக்கத்துக்கு மாற்றினால் சுமார் 10 மில்லி ஆம்பியர்தான் வந்தது. மீதி நூறும் பலகையில் ஒட்டியிருந்த மற்றவர்கள் சாப்பிட்டது: நினைவகம், யு.எஸ்.பி சிப், வோல்டேஜ் குறைக்கும் ரெகுலேட்டர்கள், யாரும் பார்க்காத எல்.ஈ.டி விளக்குகள். நாங்கள் மூன்று நாளாக சிப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம் அது.

இன்னொன்றும் கவனித்தோம். மதியம் தகரப் பெட்டி கொதிக்கும்போது அதே 112, 120 ஆகியது. கசிவு மின்னோட்டம் சூட்டுக்கு ஏற ஏறக் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். கசிவதால் சூடு, சூட்டால் இன்னும் கசிவு. வட்டிக்கு வட்டி என்றால் எங்கள் தெருவில் விளக்கம் தேவையில்லை. பெட்டிக்கு மேலே ஓலை போட்டோம்.

கடையைச் சாத்தும் கணக்கு

பொருளாதாரத்தில் ஒரு கேள்வி உண்டு. நட்டத்தில் ஓடும் கடையை எப்போது சாத்துவது? சாத்தினாலும் வாடகை ஓடும் என்றால் சாத்தி லாபமில்லை. வாடகையும் நிற்கும் என்றால் சாத்தலாம். ஆனால் திரும்பத் திறக்க ஒரு செலவு இருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

எஃப்.பி.ஜி.ஏவுக்கு மின்சாரத்தையே துண்டித்தால் நிலைச் செலவு மொத்தமும் நின்றுவிடும். ஆனால் அக்கா வைத்திருந்த வகையில் இணைப்பு விவரம் எஸ்.ரேம் செல்களில் இருக்கிறது. கரண்ட் போனால் எல்லாம் மறந்துபோகும். திரும்ப உயிர் வந்ததும் பக்கத்து ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். மண்டபத்தில் தடுப்பையெல்லாம் கழற்றி மாட்டுகிற மாதிரி. (ஃப்ளாஷிலேயே இணைப்பைப் பிடித்து வைக்கும் எஃப்.பி.ஜி.ஏ வகையும் உண்டு. 2006இல் வந்த ஆக்டெல் இக்லூ அப்படிப்பட்டது. தூங்கும்போது அது எடுப்பது மைக்ரோவாட் கணக்கில். ஆனால் ஆய்வகத்தில் இருப்பதுதானே நமக்கு.)

அளந்தோம். திரும்ப ஏற்ற அரை நொடி, அந்த நேரத்தில் சுமார் 2 வாட். ஆக ஒரு ஜூல். சும்மா காத்திருந்தால் ஆவது 12 வோல்ட்டில் 130 மில்லி ஆம்பியர், ஏறக்குறைய 1.56 வாட். ஒன்றை 1.56ஆல் வகுத்தால் 0.64 நொடி. அதாவது ஒரு நொடிக்கு மேல் வேலை இல்லை என்றால் சாத்திவிடுவதுதான் லாபம். பன்றியோ ராத்திரியில் ஒரு தடவை வந்தால் அதிகம்!

அக்கா ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலரை வாசலில் உட்காரவைத்தாள். அது எடுப்பது 4 மில்லி ஆம்பியர். ஏதாவது சத்தம் கேட்டால் மட்டும் பெரியவரை எழுப்பும். அவர் இருபது நொடி கேட்டுவிட்டு, பன்றி இல்லையென்றால் திரும்பப் படுத்துவிடுவார். ராத்திரிக்கு நாற்பது தடவை எழுப்பினாலும் 800 நொடிதான், அதற்கு சுமார் 36 மில்லி ஆம்பியர் மணி. வாசல்காரருக்கு நாள் முழுக்க 96. மொத்தம் 132. பழைய பெட்டிக்கு ஒரு நாளைக்கு 3120. வெயிலே இல்லாமல் 27 மணி நேரம் ஓடியது, காகிதத்தில் 26 நாள் ஆனது.

காகிதத்தில்தான். நிஜத்தில் பேட்டரி தானாகவும் வடியும், மலைக்காற்றில் சத்தம் நாற்பது தடவையோடு நிற்காது. ஆனால் கார்த்திகையில் நான்கு நாள் சூரியனே தெரியாமல் மழை பெய்தபோது பெட்டி உயிரோடு இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஹாரன் அடித்தது என்று தோழியின் அப்பா போனில் சொன்னார். பன்றியா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று தெரியவில்லையாம் :-)

ரிவ்யூவில்

வந்திருந்த பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம். "வாசல்ல அந்தச் சின்ன சிப்பே இருக்கேம்மா, மொத்த வேலையையும் அதுவே செஞ்சிருக்காதா? எதுக்கு எஃப்.பி.ஜி.ஏ?"

அக்கா சமாளிக்கவில்லை. "இந்த ஒரு வேலைக்குன்னா செஞ்சிருக்கும் சார். லேப்ல இருந்தது இதுதான். ஆனா எவ்ளோ எதுக்குப் போவுதுன்னு இதுலதான் சார் கத்துக்கிட்டோம்" என்றாளாம். மார்க் நன்றாகத்தான் வந்தது, முதல் பரிசு வேறு அணிக்கு.

அவர் இன்னொன்றும் சொன்னாராம். புதிய சிப் என்றால் எல்லாவற்றிலும் நல்லது என்று நினைக்காதே என்று. வீட்டுக்கு வந்து அக்கா தேடிப் படித்தாள். சக்தி ப்ராசசரை 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டரிலும் அடித்திருக்கிறார்கள், மொகாலியில் உள்ள நம் செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டரிலும் அடித்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டியும் அறிவித்த ஐரிஸ் சிப்பும் அந்த 180இல்தான். 180இன் டிரான்சிஸ்டர் பெரிது, வழக்கமான வோல்டேஜ் 1.8. இருமடி போட்டால் 3.24, ஆக வேலை செய்யும்போது செலவு கூடத்தான். ஆனால் கசிவு மிகக் குறைவு. எப்போதும் ஓடுகிற வேலைக்கு ஒரு சிப், எப்போதாவது ஓடுகிற வேலைக்கு வேறொரு சிப். எது மலிவு என்பது எவ்வளவு நேரம் சும்மா இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது.

இதையெல்லாம் ஒரு ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கல்லாவை எண்ணிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நம்ம தெருவுல ஆம்பள போயிட்ட வீடுங்கள்ல இதத்தான்டா மொதல்ல பாத்தாங்க. வேலைக்குப் போற ஆளு இல்ல. ஆனா வாடக நிக்கல, குழுக் கடன் நிக்கல. ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தாலும் நாளுக்கு இவ்ளோன்னு ஓடுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சிப்புக்கு சுவிட்ச் இருக்கிறது.

அம்மா எழுந்து கூல்டிரிங்க்ஸ் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மார்கழி குளிர். உள்ளே நான்கு பாட்டில். "இத எதுக்கு ராவு பூரா ஓட்டறேன்?" என்று பிளக்கைப் பிடுங்கினாள். அறுபது நாளுக்கு ஒருமுறை வரும் ரீடிங்கில் அது எவ்வளவு தெரிந்தது என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அடுத்த வாரம் சென்னையில் ஓர் இன்டர்வியூ. விலாசத்தைப் பார்த்து அவர்கள் கேட்டால், இந்த முறை பேச அவளுக்கு விஷயம் இருக்கிறது.